கறுத்த எண்ணெயும் கிணற்று நீரும்

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலைப் பொழுது. சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு வீடு திரும்பி, தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி கையில் ஒரு வாளியுடன் எங்கள் கொல்லைப்புற வாசலில் வந்து நின்றார்கள். வாளியில் அப்போதுதான் இறைத்த கிணற்று நீர். அதன் மேல் மெல்லிய ஏடு ஒன்று படர்ந்து, காலை வெளிச்சத்தில் வானவில்லைப் போல் பல நிறம் காட்டியது.

"தம்பி, உங்க வீட்டுக் கிணத்துலயும் தண்ணி இப்படித்தான் இருக்கா?" என்று கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

என்னையும் அறியாமல் என் பார்வை, இரு வீட்டுக்கும் நடுவேயுள்ள மதிலோரம் நின்ற முருங்கை மரத்தடிக்குச் சென்றது. நான்கு ஆண்டுகளாக என் காரின் பழைய ஆயிலை நான் ஊற்றி வந்த இடம் அதுதான். ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக. எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர். மணற்பாங்கான அந்த மண், ஊற்றியதை ஊற்றிய மாத்திரத்தில் குடித்துவிடும். மறுநாள் பார்த்தால் ஒரு கறுத்த தடம் மட்டுமே இருக்கும். மண் குடித்தது எங்கே போயிற்று என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

காருக்கு ஆயில் மாற்ற எனக்குத் தெரிந்திருந்தது. அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. ஆனால் அந்த வேலையின் கடைசிப் பகுதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நம் இல்லங்களில் பலரும் இன்று சொந்தமாகக் கார் வைத்திருக்கின்றனர்; அதன் சிறு வேலைகளைத் தாமே செய்துகொள்ள விரும்புவோரும் பெருகி வருகின்றனர். அவர்களுக்காக இவ்வேலையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன்.

எண்ணெய் என்ன செய்கிறது?

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, அதனுள்ளே ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 50 தடவை மேலேறிக் கீழிறங்குகிறது. இரும்போடு இரும்பு நேரடியாக உராய்ந்தால் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. அவ்வாறு உராயாமல் காப்பது இடையே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமே.

இப்படலத்தின் வலிமை உலகுக்குத் தெரிய வந்த வரலாறு சுவையானது. 1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பொஷாம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அத்துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்துப் பார்த்தார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துச் சென்று, பாரம் முழுவதையும் தாங்கும் அளவுக்கு அதில் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்போது விளங்கியது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். நம் காரின் எஞ்சினில் இன்று நடப்பதும் அதுவே.

எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. சூட்டை ஏந்திச் செல்கிறது. பெட்ரோல் எரிவதால் உண்டாகும் கரியையும் அமிலத்தையும் ஈரத்தையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. அதில் கலந்துள்ள துப்புரவு மருந்துகள் கரியை ஓரிடத்தில் படியவிடாமல் மிதக்க வைக்கின்றன. எனவே ஆயில் கறுத்துவிட்டது என்பதனாலேயே அது கெட்டுவிட்டது என்று பொருளன்று. கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கும் அடையாளம். ஆனால் அம்மருந்துகள் நாளடைவில் தீர்ந்துபோகும். அதன் பின் அழுக்கு படியத் தொடங்கும். அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

பில்டரின் வேலை, எண்ணெயில் வரும் துகள்களைத் தடுத்து நிறுத்துவது. பில்டர் முற்றிலும் அடைத்துக்கொண்டால் எஞ்சின் எண்ணெயின்றித் தவித்துவிடக் கூடாதே என்பதற்காக, ஒரு மாற்று வழி திறந்து, வடிகட்டாத எண்ணெய் நேரே உள்ளே சென்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். கார் ஓடும், எச்சரிக்கையும் தெரியாது, அழுக்கு எண்ணெயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஆயிலை மாற்றும்போது பில்டரையும் மாற்றிவிடுவதே சரி.

தொடங்கும் முன்

என்னுடையது பழைய மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறி, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன கார் அது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். சிறிய, எளிய எஞ்சின் என்பதால் கற்றுக்கொள்வதற்கு ஏற்றது. ஆனால் எந்தக் காராயினும் முதலில் பார்க்க வேண்டியது காருடன் தரப்படும் கையேட்டைத்தான். எந்த ரக ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். இக்காலப் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்று சொல்லியிருப்பார்கள். கார் அதிகம் ஓடவில்லையே என்று ஆண்டுக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் கார் முழுச் சூடு அடைவதே இல்லை. அதனால் ஈரமும் பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடும்.

டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்றும் 5டபிள்யூ-30 என்றும் அச்சிட்டிருப்பார்கள். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் எளிதில் ஓடும் என்று பொருள். பின்னுள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் கெட்டித் தன்மையைக் காட்டுவது. 'நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு, கையேடு சொன்னதை மாற்ற வேண்டாம். புதிய எஞ்சின்களின் இடைவெளிகள் நுண்ணியவை. கெட்டி எண்ணெய் அவற்றுள் புகுவதற்குத் தாமதமாகும்.

தேவையான பொருட்கள் இவை: சரியான ஆயில், சரியான பில்டர், டிரெயின் பிளக்குக்குப் புதிய வாஷர், அதற்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், பில்டரைக் கழற்றும் ஸ்பேனர், ஐந்து லிட்டராவது கொள்ளும் அகன்ற தட்டு, புனல், கையுறை, பழந்துணி. இவற்றோடு, பழைய ஆயிலை ஊற்றி வைக்க மூடியுள்ள ஒரு கேன். நான்கு ஆண்டுகள் என்னிடம் இல்லாதிருந்தது அந்தக் கேன் ஒன்றுதான்.

உத்தரவாதக் காலம் முடியாத புதிய காராயின் இவ்வேலையைக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திலேயே செய்துகொள்வது நல்லது. பின்னர் எஞ்சினில் கோளாறு ஏற்பட்டால் அந்தப் பதிவுகளைத்தான் கேட்பார்கள்.

உயிருக்கு முதலிடம்

இவ்வேலையில் எஞ்சினுக்கு நேரும் தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத தவறு ஒன்று உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைவதே அது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. மண் தரையில் ஜாக்கி சாயும். வண்டி சற்று நகர்ந்தாலும் நழுவும். அடியில் இருப்பவருக்கு விலகிக்கொள்ள ஒரு வினாடிகூடக் கிடைக்காது.

சமமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரிலும் விட வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியதும், கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் இருபுறமும் இரும்பு ஜாக்கி ஸ்டாண்டுகளை வைத்து, பாரத்தை அவற்றின் மேல் இறக்க வேண்டும். பிறகு காரைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் அடுக்கி நிறுத்துவது கூடவே கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்டு இல்லையா? அன்று ஆயில் மாற்ற வேண்டாம்.

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாளென்று கைலியோடு வண்டிக்கடியில் நுழைவோர் உண்டு. அதன் நுனி சூடான புகைக்குழாயில் படும். கால்சட்டை அணிந்துகொள்வதே நல்லது. சிறு பிள்ளைகள் அருகே வராமல் பார்த்துக்கொள்ள வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

பழையதை இறக்குதல்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் பொறுங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுட்டுவிடும். மேலேயுள்ள ஆயில் மூடியைத் திறந்து வைத்தால் கீழே தடையின்றி வடியும். சம்ப்புக்கு அடியில் தட்டை வைத்து, டிரெயின் பிளக்கை ஸ்பேனரால் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் திருகுங்கள். எண்ணெய் நேர்கீழாக விழாது. முதலில் சற்றுத் தள்ளிப் பீறிடும். தட்டை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

முழுவதும் வடியப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அந்நேரத்தில் பழைய எண்ணெயைக் கவனியுங்கள்; எஞ்சினின் உடல்நிலையை அது சொல்லும். பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை மிகுந்திருந்தால் எரிபொருள் இறங்குகிறது. மின்னும் உலோகத் துகள்கள் கண்ணில் பட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது. இம்மூன்றில் எது தென்பட்டாலும் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

பிளக்கைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே திருகி ஏற்றுங்கள். தொடக்கத்திலேயே ஸ்பேனரைப் போட்டால் மரை கோணலாக ஏறிவிடும். கடைசியில் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்கினால் போதும். பலம் காட்டி இறுக்கி, சம்ப்பின் மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் அநேகர்.

பில்டரும் புது எண்ணெயும்

பில்டரைக் கழற்றும்போது அதற்குள்ளிருந்தும் எண்ணெய் வழியும். தட்டை அங்கே நகர்த்திக்கொள்ளுங்கள். கழற்றிய பில்டரில் அதன் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். சில வேளைகளில் அவ்வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் மேலே புதிய பில்டரைப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்த இடுக்கு வழியே எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறிவிடும். எஞ்சின் கெட்டுப்போக வேறு காரணம் வேண்டாம்.

பில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, புது பில்டரின் வளையத்தில் விரலால் புது எண்ணெய் தடவிக் கையால் திருகுங்கள். வளையம் தொட்டதும், பில்டரின் மேல் அச்சிட்டுள்ளபடி, பெரும்பாலும் முக்கால் சுற்று, மேலும் திருகினால் போதும். இறுக்குவதற்கு ஸ்பேனர் வேண்டாம்.

இனி மேலேயிருந்து புனல் வைத்து, கையேடு சொன்ன அளவில் சற்றே குறைத்து ஊற்றுங்கள். மூடியை மூடி எஞ்சினை இயக்கினால், சிவப்பு எண்ணெய் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்தால், ஒரு நிமிடம் ஓடவிட்டு, தலையை உள்ளே நுழைக்காமல் வெளியிலிருந்தே கசிவு உண்டா என்று குனிந்து பாருங்கள். நிறுத்தியபின் காரைத் தரையில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே, மேற்குறியை ஒட்டி நிற்க வேண்டும். 'கொஞ்சம் கூடினால் நல்லதுதானே' என்று மேற்குறியைத் தாண்ட வேண்டாம். மிகுதியான எண்ணெயைக் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்குப் பாரம் தாங்கும் வலிமை இல்லை. தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

இத்தோடு வேலை முடிந்துவிட்டது என்றுதான் நான்கு ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

தட்டில் எஞ்சியிருப்பது

பழைய எண்ணெய் புது எண்ணெய் அன்று. எஞ்சினில் எரிந்தவற்றின் மிச்சமும், தேய்ந்த உலோகமும் அதில் கலந்திருக்கின்றன. நீண்ட காலம் மீண்டும் மீண்டும் தோலில் பட்டால் புற்றுநோய்க்கும் காரணமாகலாம்; கையுறையை வற்புறுத்துவது அதனால்தான். ஒரே ஒரு தடவை ஆயில் மாற்றியதில் வெளிவரும் பழைய எண்ணெய் 10 லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர், நன்னீரை மாசுபடுத்தப் போதுமானது என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம்.

கரையானுக்கென்று இதைக் கதவு நிலைகளிலும் வேலிக் கால்களிலும் பூசுவதும், புழுதி அடங்கத் தெருவில் தெளிப்பதும், அடுப்பில் எரிப்பதும் நம் பக்கத்தில் பழைய வழக்கங்கள். பூசியதும் தெளித்ததும் மழையோடு மண்ணுக்குள் இறங்கும். எரித்தால் அந்த உலோகம் புகையாக நம் மூச்சில் ஏறும். சாக்கடையில் ஊற்றினாலோ அது குளத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேரும்.

மாமி வந்து கேட்ட அன்று மாலையே, எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் தம் ஒர்க்ஷாப்பின் மூலையில் நின்ற இரும்புப் பீப்பாயைக் காட்டினார். "இதுல ஊத்திட்டுப் போயிருந்தா ஆச்சே தம்பி. மாசா மாசம் வண்டி வந்து எடுத்துட்டுப் போறானே" என்றார். எத்தனையோ முறை அவரிடம் போய்வந்திருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

எண்ணெய்க்கு அடிப்படையான திரவம் தேய்ந்து போவதில்லை. அதில் சேர்ந்த அழுக்கை நீக்கிச் சுத்திகரித்தால் மீண்டும் எண்ணெயாகவே பயன்படும். நம் நாட்டில் பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே அது போக வேண்டும். 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும்கூட அதை மறுசுழற்சிக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். நம் பங்கு அதைச் சிந்தாமல் ஒர்க்ஷாப்புவரை கொண்டு சேர்ப்பதுதான்.

புது எண்ணெய் வந்த கேனிலேயே பழையதைப் புனல் வைத்து ஊற்றி, இறுக மூடி, 'பழையது' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். குளிர்பான பாட்டிலிலோ சமையல் எண்ணெய் டின்னிலோ ஊற்றவே கூடாது. பிள்ளைகள் உள்ள வீடு. தண்ணீர், பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்க வேண்டாம். கலந்தால் சுத்திகரிப்பது கடினமாகிவிடும். பழைய பில்டரையும் ஓர் இரவு முழுதும் கவிழ்த்து வடியவிட்டு, கேனோடு சேர்த்து ஒப்படைத்துவிடலாம்.

மாமியின் கிணறு

என் எண்ணெய்தான் காரணம் என்று மாமி சொல்லவில்லை. நானே போய்ச் சொன்னேன். அவர்கள் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தத் தண்ணியிலதானே தம்பி ஒளுச் செய்யுறோம், சோறு ஆக்குறோம்" என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த இரண்டு நாட்களில் முருங்கை மரத்தடியைத் தோண்டினோம். முழங்கால் ஆழத்துக்குக் கறுத்த மணல். அதற்குக் கீழும் வாடை போகவில்லை. தோண்டிய மணலைச் சாக்குகளில் கட்டினோம், பதினோரு சாக்கு. அவற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எங்கே போட்டாலும் அது இன்னொருவர் கிணற்றுக்கு மேல்தான். அதனால் எங்கள் தகரக் கொட்டகையில், சிமெண்டுத் தரையில், மழை படாமல் இன்றுவரை அவை கிடக்கின்றன.

மாமி வீட்டுக்கு எங்கள் குழாயிலிருந்து தண்ணீர் போகிறது. கிணற்றில் ஏடு படர்வது இப்போது நின்றுவிட்டது. ஆயினும் அவர்கள் அந்த நீரைச் சமையலுக்கு எடுப்பதில்லை. எடுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கும் இல்லை.

இப்போது ஆயில் மாற்றும் நாளில் என் மகளும் உடனிருக்கிறாள். டிப் ஸ்டிக்கைப் பார்த்து அளவு சொல்வதும் குறிப்பேட்டில் எழுதுவதும் அவள் வேலை. தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். பழைய கேன் அண்ணாச்சியின் பீப்பாயில் காலியாகும்வரை அந்தக் கட்டத்தில் அவள் குறியிடுவதில்லை.